10,000 பேரையும் விண்டன் ஒருத்தரா காப்பாத்தினார்?

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன இதழ்ல ஹிட்லர் ஆளுங்ககிட்ட இருந்து யூத அகதிக் குழந்தைங்கள மீட்ட கதைய போட்டிருந்தீங்க, ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு கட்டுரைய காபி ஆறிப்போற வரைக்கும் உக்காந்து படிச்சேன். ஆனா தலைப்புலயே தப்பு சார். 'நிக்கோலஸ் விண்டன் காப்பாத்திய 10,000 குழந்தைகள்'னு போட்டுட்டீங்க. விண்டன்ங்கற இங்கிலீஷ்காரரோட லிஸ்ட்ல இருந்தது 669 பேர், எல்லாரும் செக்கோஸ்லோவாக்கியா தலைநகர் பிராக்ல இருந்து வந்தவங்க. 10,000ங்கறது கிண்டர்டிரான்ஸ்போர்ட்டோட, அதாவது குழந்தைங்கள பிரிட்டனுக்குக் கூட்டிட்டு வந்த அந்த மொத்த ஏற்பாட்டோட கணக்கு, ஜெர்மனி, ஆஸ்திரியா, செக்கோஸ்லோவாக்கியா எல்லாம் சேர்த்து. 1938 நவம்பர்ல நாஜிங்க யூதங்களோட கடை, ஜெபக்கூடம்லாம் அடிச்சு எரிச்சாங்களே, அதுக்கப்புறம்தான் பிரிட்டன் கதவையே கொஞ்சமா தொறந்துச்சு. டிசம்பர் 2ம் தேதி மொத கூட்டம் இங்கிலாந்தோட ஹார்விச் துறைமுகத்துல வந்து இறங்கினப்ப விண்டன் இன்னும் பிராக்குக்கே போகல.

சரி, பிராக் கதையவே எடுத்துக்குவோம். அவர் அங்க இருந்தது ஒரு மூணு வாரம். அப்புறம் லண்டன்ல பகல்ல ஷேர் மார்க்கெட் வேலை, சாயங்காலம் ஆனா குழந்தைங்கள வச்சுக்க வீடு தேடுறது, தலைக்கு 50 பவுண்ட் உத்தரவாதம் கட்ட ஆள் பிடிக்கிறது. அதுவும் சின்ன வேலை இல்லதான். ஆனா அவருக்கு முன்னாடியே பிராக்ல அகதிங்களுக்காக அலைஞ்சிட்டு இருந்தவங்க டோரீன் வாரினர், எகனாமிக்ஸ் சொல்லிக்கொடுத்த அம்மா. ஜெர்மன் படை ஊருக்குள்ள வந்த பிறகும் அங்கயே நின்னு டிரெயின் ஏத்தி விட்டது டிரெவர் சாட்விக்னு ஒரு ஸ்கூல் வாத்தியார். நிஜ ஹீரோ சாட்விக்தான்னு விண்டனே சொல்லிட்டு இருந்தார். 1988ல பிபிசி ஷோல விண்டன சுத்தி உக்காந்திருந்தவங்க, அவர் காப்பாத்தின பிள்ளைங்க, எல்லாம் எழுந்து நிப்பாங்களே, எல்லார் போன்லயும் சுத்துற வீடியோ, அதுக்குள்ள வாரினரும் இல்ல சாட்விக்கும் இல்ல, ரெண்டு பேரும் போய்ச் சேந்துட்டாங்க. கேமரா முன்னாடி உக்காரணும்னா ஆள் உயிரோட இருக்கணும்ல.

ட்ரூஸ் வைஸ்முல்லர்னு ஒரு டச்சுக்கார அம்மா, அவங்க பேரே கட்டுரையில எங்கயும் வரல. ஆஸ்திரியாவோட வியன்னாவுக்குத் தனியா போயி ஐக்மன்ங்கற நாஜி அதிகாரி முன்னாடியே நின்னவங்க. 600 குழந்தைங்கள கூட்டிட்டுப் போ பாப்போம்னு சில நாள்தான் டைம் குடுத்தான், முடியாதுன்னு நெனச்சுதான் குடுத்திருப்பான், டிசம்பர் 10ம் தேதி 600 பேரோட கிளம்பிட்டாங்க. 1940 மே 14, ஹாலந்து சரண்டர் ஆன அன்னிக்கு, பிரிட்டனுக்குக் கிளம்பின கடைசி கப்பல்ல 74 குழந்தைங்கள ஏத்தி விட்டுட்டு இவங்க மட்டும் கரையிலயே நின்னுட்டாங்க.

பெத்தவங்களப் பத்தி ஒரே வரி எழுதிட்டுத் தாண்டிட்டீங்க, அதுதான் எனக்கு ரொம்ப உறுத்துச்சு. பிரிட்டன் குழந்தைங்கள மட்டும்தான் உள்ள விட்டுச்சு, அப்பா அம்மா கூட வரக்கூடாது. போன வருஷம் பொண்ணு வீட்டுக்கு லண்டன் போனப்ப லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷன் வாசல்ல அந்தச் சிலைய பாத்தேன், பெட்டியோட நிக்கிற பிள்ளைங்க. அதச் செஞ்ச ஃப்ராங்க் மைஸ்லரே டான்சிக்ல (இப்ப போலந்துல இருக்கிற ஊர்) இருந்து அப்படி வந்த பையன்தான், அவர் கிளம்பி மூணே நாள்ல அப்பா அம்மாவ பிடிச்சிட்டாங்க, ஆஷ்விட்ஸ் கொலை முகாம்ல செத்துப் போயிட்டாங்க. வந்த குழந்தைங்கள்ல நெறய பேர் பெத்தவங்கள திரும்பப் பாக்கவே இல்ல. அதோட விட்டுச்சா, 16 வயசு தாண்டினவங்கள்ல பல பேர 1940ல 'எதிரி நாட்டுக்காரன்'னு பிரிட்டனே பிடிச்சு கேம்ப்ல போட்டுச்சு, சிலர ஆஸ்திரேலியாவுக்கே கப்பல் ஏத்திருச்சு. இதையும் எழுதினாத்தான சார் கதை முழுசாகும்?

ரிசர்ச்சும் இன்னும் முடியல. எத்தனையோ வருஷமா காணாமப் போச்சுன்னு நெனச்சிட்டு இருந்த அந்தக் குழந்தைங்களோட பயணப் பட்டியல்கள் சமீபத்துலதான் ஜெருசலேம்ல இருக்கிற யாத் வாஷெம்ங்கற யூதப் படுகொலை நினைவகத்தோட ஆவணக் காப்பகத்துல கிடைச்சிருக்கு. தாத்தா பாட்டி எந்த டிரெயின்ல, யார் கூட வந்தாங்கன்னு பேரப்பிள்ளைங்க இப்பதான் பாக்கப் போறாங்க.

விண்டன் போட்டோவ எடுக்கச் சொல்லல, தலைப்புக்கு மட்டும் ஒரு திருத்தம் போடுங்க. கூடவே ட்ரூஸ் போட்டோ ஒண்ணு. இடமில்லன்னு சொல்லாதீங்க, 8ம் பக்கத்துல நகைக்கடை விளம்பரமே அரைப்பக்கம் இருக்கு.

இப்படிக்கு,
பழைய வாசகி,
கும்பகோணம்