வெண்டை விதை அனுப்பியிருக்கிறேன்

அல்சூர், பெங்களூர்

அன்புள்ள தம்பிக்கு,

விதைகளைக் கூரியரில் போட்டுவிட்டேன். வெண்டை, கொத்தவரை, சிறுகீரை, கொஞ்சம் மிளகாய். வெண்டை அர்கா அனாமிகா ரகம். ஹெசரகட்டா ஆராய்ச்சி நிலையத்தில் வாங்கியது. எதிர்வீட்டுக்காரர் காரில் போனார், நானும் தொற்றிக்கொண்டேன். நீ கேட்ட தக்காளியை வைக்கவில்லை. மாசி முடியப்போகிறது. இனிமேல் நாற்று விட்டு, 25, 30 நாள் கழித்துப் பிடுங்கி நட்டு, அது பூக்கும்போது டெல்லி வெயில் 40-ஐத் தொட்டுவிடும். 35 டிகிரி தாண்டினாலே பூ காய் பிடிக்காமல் உதிரும். பெங்களூரில் எப்போது போட்டாலும் வருகிறதே என்று நினைத்திருப்பாய். அங்கே ஒவ்வொன்றுக்கும் காலம் பார்க்க வேண்டும்.

பால்கனி போட்டோவை அம்மா மேல்வீட்டு மாமிக்கும் பெரியம்மாவுக்கும் காட்டியாகிவிட்டது. தொட்டிகளுக்கு நீயே துளை போட்டாயாமே. எனக்கும் பெருமைதான். போட்டோ வந்தது புதன்கிழமை பகல் பதினொன்றரைக்கு. லீவு போட்டிருப்பான் என்று அம்மாவிடம் சொன்னேன். மறுநாள் அதே நேரத்துக்கு இன்னொன்று வந்தது. வாரம் ஐந்து நாளும் ஆபீஸ் வரச் சொல்கிறார்கள் என்று தீபாவளிக்கு நீதான் அலுத்துக்கொண்டாய். சரி, அதை விடு.

வெண்டை விதையை முதல் நாள் ராத்திரி தண்ணீரில் ஊற வை. ஒரு விரற்கடை ஆழம் போதும். குழிக்கு இரண்டு விதை; இரண்டும் முளைத்தால் நோஞ்சானைக் கிள்ளிவிடு. கீரை விதை பொடி, மணலோடு கலந்து தூவினால்தான் பரவலாக விழும். எல்லா விதையையும் ஒரேயடியாகப் போட்டுத் தீர்த்துவிடாதே. பாதியைப் போடு, பதினைந்து நாள் கழித்து மீதியைப் போடு. முதல் தடவை வெயிலோ எறும்போ கொண்டுபோனாலும் கையில் ஏதாவது மிச்சம் இருக்கும்.

மிளகாயை இப்போது தொடாதே. வைகாசிக் கடைசியில் நாற்று விட்டால் மழைக்கு நடலாம். அதுவரை கண்ணாடி பாட்டிலில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் போட்டு, இறுக மூடி ஃபிரிட்ஜில் வை. வெளியே எடுத்தவுடன் மூடியைத் திறக்காதே. பாட்டிலின் குளிர்ச்சி போகட்டும். இல்லாவிட்டால் உள்ளே ஈரம் கோத்து, இத்தனை நாள் காத்ததெல்லாம் வீண். பாட்டி சாம்பலில் புரட்டி வைத்ததும் ஈரம் ஏறக்கூடாது என்றுதான்.

அங்கே கடையில் வாங்குவதானால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படி. பரிசோதித்த தேதி, எதுவரை செல்லும், முளைப்புத்திறன் எவ்வளவு, எல்லாம் போட்டிருக்க வேண்டும். வெண்டைக்குக் குறைந்தது 65 சதவீதம், மிளகாய்க்கு 60. தேதி இல்லாத பாக்கெட்டைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதே. வெங்காய விதை ஒரு வருடம் தாண்டினால் முளைப்பது சந்தேகம். எதையும் நம்புவதற்கு முன் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்து, ஒரு வாரத்தில் எத்தனை முளைக்கிறது என்று எண்ணிப் பார். உங்கள் ஊரிலேயே பூசா விவசாய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது எட்டிப் பார்த்தாயா? பீகாரில் பூசா என்ற ஊரில் இருந்தது, 1934 நிலநடுக்கத்தில் கட்டடம் இடிந்ததும் 1936-இல் டெல்லிக்கு வந்தது. ஊர் பெயரையும் கூடவே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அங்கே போய்க் கேட்டால் உங்கள் வெயிலுக்கு எது தாங்கும் என்று சொல்வார்கள். பகலில்தான் போக முடியும். உனக்கு முடிந்தால் போ.

பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பொங்கலுக்கு நீ வரவில்லை என்று அவளுக்கு இன்னும் குறை. டிக்கெட் விலை என்றாய். போன வருடமும் அதே விலைதான், வந்தாய்.

சின்ன மாமாவின் டிபன் பாக்ஸ் கதையை அம்மா நேற்று என்னவோ திடீரென்று எடுத்தாள். கடைசியில் அத்தை காதுக்கு அது எப்படிப் போனது என்று உனக்கும் தெரியும். அதற்கு மேல் நாங்கள் பேசவில்லை. நான் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன்.

உன் கணக்கில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன். மண்ணுக்கும் மண்புழு உரத்துக்கும் வைத்துக்கொள். நாலு தொட்டிக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்டு மெசேஜ் போடாதே, திருப்பியும் அனுப்பாதே. கோகோபீட், நிழல்வலை என்று செலவு இருந்துகொண்டுதான் இருக்கும். சித்திரை பிறந்தால் வலை கட்டாமல் அங்கே எதுவும் நிற்காது. ஒரேயடியாகச் செலவழித்துவிடாதே, அவ்வளவுதான். விதைக்கும் அதையே சொல்கிறேன்.

தண்ணீரைக் காலையில் ஊற்று. மேல்மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும். தினமும் பக்கத்திலேயே இருக்கிறோம் என்று தினமும் ஊற்றினால் வேர் அழுகும்.

கூரியர் வந்ததும் போன் பண்ணு. ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை. பகலில் எப்போது கூப்பிட்டாலும் எடுப்பேன். அம்மா பன்னிரண்டு மணிக்கு மேல் படுத்துவிடுவாள், அப்போது நான் மட்டும்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா