பத்து மாதம் பின்னோக்கியும் வாருங்கள்: உலக சுகாதாரப் பேரவைப் பிரதிநிதிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பிரதிநிதிகளே,

வணக்கம். உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் சார்பில் ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் ஜெனீவாவில் கூடி, பிறக்கப் போகிற குழந்தைகளுக்கும் சேர்த்து முடிவெடுக்கிறவர்கள் நீங்கள். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். நான் மருத்துவரும் இல்லை, ஆய்வாளரும் இல்லை. ஒரு பிள்ளை பெற்றவள்.

போன வாரம் என் தங்கையை முதல் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தேன். அவளுக்கு ஒன்பதாவது வாரம். ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்தவளின் கையில் ஒரு பை இருந்தது. உள்ளே கர்ப்பிணிகளுக்கான சத்துப் பானப் பவுடர் ஒரு டப்பா, இரண்டு பிஸ்கட் பாக்கெட், வயிற்றில் கைவைத்துச் சிரிக்கும் ஒரு பெண்ணின் படம் போட்ட கையேடு. அதே நிறம், அதே சின்னம். நான்கு வருடத்துக்கு முன் இன்னொரு மருத்துவமனையில் எனக்குக் கொடுத்த அதே பை. எனக்குக் கை நடுங்கிவிட்டது. "என்னக்கா, ஆஸ்பத்திரியிலேயே குடுத்தாங்க, நல்லதாத்தானே இருக்கும்?" என்றாள் தங்கை. நான்கு வருடத்துக்கு முன் என் கணவரிடம் நானும் இதையேதான் சொன்னேன்.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலையில் அதீதமாகப் பதப்படுத்தப்பட்ட எந்த உணவின் மீதும் "கர்ப்பிணிகளுக்கு உகந்தது" என்று எழுத அனுமதிக்காதீர்கள். அதன் மாதிரிகளை மருத்துவமனைக்குள் கொடுக்க விடாதீர்கள். குழந்தையின் பால்புட்டிக்கு நீங்கள் போட்ட வேலியை, அந்தக் குழந்தை வயிற்றில் இருக்கும் காலத்துக்கும் நீட்டுங்கள்.

இது உங்களுக்குப் புதிய வேலை இல்லை. 1981 மே மாதத்தில் தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளின் விற்பனை குறித்த சர்வதேச நெறிமுறையை இதே பேரவைதான் ஏற்றது. ஆதரவாக 118 வாக்குகள், எதிராக ஒன்றே ஒன்று. பால்பவுடரைப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யக்கூடாது, கர்ப்பிணிகளுக்கும் தாய்மார்களுக்கும் மாதிரி கொடுக்கக்கூடாது, மருத்துவமனையை விற்பனைக்கூடம் ஆக்கக்கூடாது என்று அன்றைக்கே எழுதி வைத்தீர்கள். 2016-ல் இன்னும் ஒரு படி போனீர்கள். 3 வயது வரையிலான குழந்தைகளின் உணவை எப்படியெல்லாம் விளம்பரம் செய்யக்கூடாது என்ற வழிகாட்டுதலையும் வரவேற்றீர்கள். பிறந்த நாளிலிருந்து மூன்று வருடம் முன்னோக்கிப் போன நீங்கள் பத்து மாதம் பின்னோக்கி வரவில்லை. அந்த இடைவெளியில்தான் என் தங்கையின் பை நுழைந்திருக்கிறது. நாளை குழந்தை பிறந்ததும் வாங்கச் சொல்லப் போகிற பால்பவுடர் டப்பாவிலும் அதே சின்னம்தான் இருக்கும். புட்டிக்கு முன்வாசலை அடைத்தீர்கள், தாயின் கோப்பை வழியாக உள்ளே வருகிறார்கள்.

என் கதையைக் கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள். மசக்கையில் முதல் மூன்று மாதம் எதுவும் வயிற்றில் தங்கவில்லை. தங்கியது அந்தப் பானமும் பிஸ்கட்டும்தான். குழந்தைக்குச் சத்து போகிறதே என்ற நிம்மதியில் டப்பா முடிய முடிய வாங்கினோம். காலையில் இரண்டு கரண்டி, இரவில் இரண்டு கரண்டி. அட்டையில் பெரிய எழுத்தில் "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்று இருந்தது. அதை நம்பினேன். 26-வது வாரத்தில் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்துப் பரிசோதித்தார்கள். வெறும் வயிற்றில் 98, இரண்டு மணி நேரம் கழித்து 171. வெறும் வயிற்றில் 92-ஐத் தொட்டாலே, இரண்டு மணி நேரத்தில் 153-ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை நோய் என்பது உங்கள் அமைப்பு வகுத்த அளவுகோல். எனக்கு இரண்டுமே தாண்டியிருந்தது.

வீட்டில் இருக்கும் எல்லா டப்பாக்களையும் எடுத்து வரச் சொன்னார் உணவு ஆலோசகர். அந்தப் பவுடர் டப்பாவைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கைபேசியில் பெரிதாக்கிக் காட்டினார். சேர்மானப் பட்டியலில் எது அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. இரண்டாவதாக இருந்தது மால்டோடெக்ஸ்ட்ரின். மாவுச்சத்தைச் சிறு துண்டுகளாக உடைத்துச் செய்யும் பொடி அது. ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் வேகத்தில் குளுக்கோஸுக்குச் சற்றும் இளைத்ததில்லை. ஆனால் சட்டக் கணக்கில் அது "சர்க்கரை" என்ற பெயருக்குள் வராது. எனவே அந்த அட்டை பொய் சொல்லவில்லை. என்னைப் போன்றவள் அதை எப்படிப் படிப்பாள் என்பது எழுதியவர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

எனக்கு வந்த சர்க்கரைக்கு அந்த டப்பாதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. என் அம்மாவுக்கும் சர்க்கரை உண்டு. என் உடல்வாகு, வயது எல்லாம் சேர்ந்துதான் வந்திருக்கும். ஆனால் சர்க்கரை வரும் வாய்ப்புள்ள ஒரு பெண்ணின் கையில், அவள் ரத்தத்தைச் சோதிப்பதற்கு முன்பே, மருத்துவமனையின் நம்பிக்கையோடு சேர்த்து அதைக் கொடுத்தார்கள். என்னால் பொறுக்க முடியாதது இதுதான்.

அதற்கப்புறம் தினமும் நான்கு முறை விரலில் ஊசி. காலையில் எழுந்ததும் ஒன்று, மூன்று வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் ஒவ்வொன்று. பிரசவம் வரை 12 வாரம், 336 குத்து. விரல் நுனிகள் மரத்துப் போய், பக்கவாட்டில் குத்தப் பழகிக்கொண்டேன். ஒவ்வொரு முறை எண் ஏறும்போதும் பிள்ளைக்கு நான்தான் தீங்கு செய்கிறேன் என்ற எண்ணம் வரும். சாப்பிடவே பயந்த நாட்கள் உண்டு. அதையும் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது என் மகள் பிறந்த பிறகு நடந்தது. தாய்க்குச் சர்க்கரை என்றால் பிறந்த குழந்தைக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். அதனால் சோதித்தாக வேண்டும். சில மணி நேரமே ஆன அந்தக் குதிகாலில் குத்தினார்கள். மறுபடியும் குத்தினார்கள். எத்தனை முறை என்று எண்ண எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் வீறிட்ட சத்தம் மட்டும் நினைவில் இருக்கிறது.

இதையெல்லாம் சொன்னால், பாக்கெட் என்றாலே பகை பாராட்டுகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். உறைய வைத்த காய்கறியும், பாக்கெட் பாலும், ஃபோலிக் அமிலம் சேர்த்த மாவும் பதப்படுத்தப்பட்டவைதான். அவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரப் போகிற கருவின் நரம்புக்குழாய் கருத்தரித்த 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. பல பெண்களுக்குத் தாம் கர்ப்பம் என்பதே அப்போது தெரிந்திருக்காது. மாவில் சேர்த்த ஃபோலிக் அமிலம் அந்த நேரத்தில் எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது. நான் பேசுவது, சாவோ பாலோ பல்கலைக்கழகத்தின் கார்லோஸ் மொன்டெய்ரோ 2009-ல் முன்வைத்துப் பின்னர் விரிவாக்கிய, எவ்வளவு பதப்படுத்தியது என்பதை வைத்து உணவைப் பிரிக்கும் வகைப்பாட்டில் நான்காம் வரிசையில் வருகிற உணவுகளைப் பற்றி. உணவிலிருந்து பிரித்தெடுத்த பொடிகளையும் எண்ணெய்களையும் கூட்டி, மணமும் நிறமும் ஏற்றி, வீட்டுச் சமையலறையில் யாராலும் செய்ய முடியாதபடி ஆலையில் உருவாக்குகிறவை. அந்தப் பொடியில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் தூவிவிட்டால் அது தாய்க்கான உணவு ஆகிவிடாது. தினமும் 30 முதல் 60 மில்லிகிராம் இரும்பு, 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் என்று நீங்களே பரிந்துரைக்கிறீர்கள். அது மாத்திரையாக எனக்குக் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது.

"யார் வற்புறுத்தினார்கள், அவள் குறைவாகச் சாப்பிடட்டுமே" என்று உங்கள் முன் வாதாட வருபவர்கள் உண்டு. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 2019-ல் வெளியிட்ட பரிசோதனையை அவர்களுக்குக் காட்டுங்கள். 20 பேர். முன்னே வைத்த இரு வகை உணவிலும் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம். அதீதமாகப் பதப்படுத்திய உணவு கொடுத்த இரண்டு வாரங்களில் அதே ஆட்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். அவர்கள் கர்ப்பிணிகள் இல்லை என்பது உண்மைதான். ஆனால் கடைசி மூன்று மாதத்தில் ஒரு கர்ப்பிணிக்குக் கூடுதலாகத் தேவைப்படுவதே 450 கலோரி அளவுதான். முதல் மூன்று மாதத்தில் அநேகமாக எதுவும் தேவையில்லை. இதை என் மன உறுதியின் குறை என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

கருவில் இருக்கும்போது தாய் உண்ணும் சர்க்கரை எத்தனை தூரம் போகிறது என்பதற்கும் சான்று இருக்கிறது. பிரிட்டனில் போர்க்காலச் சர்க்கரைப் பங்கீடு 1953 செப்டம்பரில் முடிந்தது. முடிந்ததும் மக்கள் உண்ணும் சர்க்கரை ஏறத்தாழ இரு மடங்கானது. அதற்குச் சற்று முன்னும் பின்னும் கருவானவர்களை ஒப்பிட்ட ஆய்வு 2024-ல் சயன்ஸ் இதழில் வந்தது. கருவிலும் பிறந்த தொடக்க காலத்திலும் பங்கீட்டுக்கு உட்பட்டிருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் சுமார் 35 சதவீதம் குறைவு, ரத்த அழுத்தம் சுமார் 20 சதவீதம் குறைவு. அந்தப் பாதுகாப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வயிற்றில் இருந்த மாதங்களிலேயே கிடைத்துவிட்டது. அம்மா என்ன குடித்தாள் என்பது ஐம்பது, அறுபது வயதில் பிள்ளையின் ரத்தத்தில் தெரிகிறது. இதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை.

அட்டையில் எழுதினால் பலன் இருக்காது என்றும் சொல்வார்கள். சிலி நாடு 2016-ல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பாக்கெட்டுகளின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண முத்திரை போட்டது. அதோடு குழந்தைகளைக் குறிவைத்த விளம்பரத்தையும் கட்டுப்படுத்தியது. முத்திரை விழும் அளவுக்கு இனிப்பான பானங்களை மக்கள் வாங்குவது ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. மெக்சிகோ 2020-ல் அதே வழியில் வந்தது. பிரான்ஸில் மது பாட்டிலில் கர்ப்பிணியின் உருவத்தைக் குறுக்கே கோடிட்டு அச்சிடுகிறார்கள். ஆக, கர்ப்பிணிக்கென்று ஒரு சின்னம் போட அட்டையில் இடம் இருக்கிறது. 2017-18-ல் தென்னாப்பிரிக்காவில் சமைக்காமல் அப்படியே உண்ணும் பதப்படுத்திய இறைச்சியால் லிஸ்டீரியா என்ற கிருமி பரவி 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பச்சிளங்குழந்தைகளே பெருந்தொகை. கர்ப்பிணிகளுக்கு இந்தக் கிருமி தொற்றும் ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் பத்து மடங்கு. ஆனாலும் "கர்ப்பிணிகள் தவிர்க்கவும்" என்ற வரியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. "கர்ப்பிணிகளுக்கு உகந்தது" என்ற வரி மட்டும் எட்டடி தள்ளி நின்றாலும் தெரிகிறது.

கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை. பரிசோதனைக்குப் போனால் "நல்லா சாப்பிடுங்க" என்ற இரண்டு வார்த்தையோடு அனுப்பிவிடுகிறார்கள். பேறுகாலத்தில் குறைந்தது எட்டு முறையாவது பரிசோதனை வேண்டும், உணவு பற்றிய ஆலோசனையும் வேண்டும் என்று 2016-ல் நீங்கள் வழிகாட்டினீர்கள். எட்டு முறையும் நான் போனேன். சர்க்கரை வந்த பிறகுதான் என்ன சாப்பிடுகிறேன் என்று யாரோ கேட்டார்கள். அதுவரை என்னிடம் உணவைப் பற்றி அதிக நேரம் பேசியது அந்தக் கையேடுதான். வேலை இடத்தில் சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம், ஏழு மாத வயிற்றோடு அடுப்படியில் நிற்க முடியாத முதுகுவலி, கைக்கெட்டும் தூரத்தில் பாக்கெட் மட்டுமே. இத்தனைக்கும் நடுவில் நிற்கிறவளிடம் "நீ ஏன் நல்ல உணவைத் தேர்ந்தெடுக்கவில்லை" என்று கேட்பது அநியாயம். இவை எல்லாவற்றையும் ஒரே கூட்டத்தில் நீங்கள் சரிசெய்துவிட முடியாது என்பது தெரியும். அதனால்தான் ஒன்றை மட்டும் கேட்கிறேன்.

அடுத்த மே மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேருங்கள். 1981 நெறிமுறையின் பாதுகாப்பு, கர்ப்பிணிகளுக்கென்று விற்கப்படும் பானங்களுக்கும் தின்பண்டங்களுக்கும் நீளட்டும். அதீதமாகப் பதப்படுத்திய உணவில் "கர்ப்பிணிகளுக்கு உகந்தது" என்ற வாசகமும் வயிற்றில் கைவைத்த படமும் வேண்டாம். மருத்துவமனைக்குள் மாதிரி வேண்டாம். மால்டோடெக்ஸ்ட்ரின் போன்றவை இருக்கும் டப்பாவில் "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்ற வரியும் வேண்டாம். கூட்டத்துக்குப் போகும் முன், உங்கள் ஊரில் ஒரு பேறுகாலப் பரிசோதனைக் கூடத்தின் வாசலில் ஒரு காலைப் பொழுது நின்று, வெளியே வரும் பெண்களின் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கும்படியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கைக்கு அடுத்த பரிசோதனை நான்கு வாரத்தில். அவளோடு நான்தான் போகிறேன்.

நன்றியுடன்,
ஒரு தாய்