நனைந்த நூலகத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

நம் வளாகத்து மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும், ஊத்தங்கரை வட்டாரத்துப் பொதுமக்களுக்கும் பல்கலைக்கழக வளாக நூலகத்தின் சார்பில் வணக்கம்.

ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகு நம் பக்கம் நகர்ந்து வந்து, 2024 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த ஒரே நாளில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழையைக் கொட்டியதை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆண்டு முழுவதும் இம்மாவட்டத்தில் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் ஒரு பகலிலும் ஓர் இரவிலும் இறங்கியது. ஏரி நீர் சாலையில் பாய்ந்து, நிறுத்தியிருந்த வண்டிகளையே இழுத்துச் சென்ற அந்தக் காலையில்தான் நூலகத்தின் தரைத்தளத்திலும் முழங்காலுக்குக் கீழ்வரை தண்ணீர் நின்றது. வடிகாலில் யாரோ கொட்டிவிட்டுப் போன கட்டட இடிபாடு இல்லாதிருந்தால் அது கணுக்காலோடு நின்றிருக்கும் என்பது என் எண்ணம். அதை உரிய இடத்தில் எழுத்தில் சொல்லிவிட்டேன்; இந்த மடல் அதற்கானது அல்ல.

வாசக சாலை மீண்டும் முழுமையாகத் திறந்துவிட்ட நிலையில், இடைப்பட்ட மாதங்களில் நூலகத்தை நடத்திக் காட்டியவர்களுக்கு நன்றி சொல்லவே இதை எழுதுகிறேன். பெயர் சொல்ல வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஒருவர் பெயரையும் குறிப்பிடவில்லை.

முதல் நன்றி, எங்களைத் திருத்திய ஒரு மாணவிக்கு. அன்று பிற்பகல் நான் செய்த முதல் வேலை, “நூலகம் மறு அறிவிப்பு வரும் வரை மூடப்பட்டிருக்கும்” என்று ஒரு தாளில் எழுதி வாசலில் ஒட்டியதுதான். இருபத்தைந்து ஆண்டுப் பணியில் பழகிப்போன வாசகம் அது. விடுதியிலிருந்து சேற்றில் நடந்து வந்திருந்த முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் அதைப் படித்துவிட்டு, “மூடியிருக்குதுன்னு கண்ணுக்கே தெரியுதுங்க மேடம். என்ன கிடைக்கும், எங்க கிடைக்கும்னு எழுதுங்க” என்றார். பருவத் தேர்வு நெருங்கியிருந்த நேரம். கடிந்து சொல்லவில்லை, கேலியும் இல்லை. அவருக்குத் தேவையானதைக் கேட்டார். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, அவரையே பக்கத்தில் உட்காரவைத்து எழுதிய இரண்டாவது அறிவிப்பில் மூன்று செய்திகள் இருந்தன: மாடியில் உள்ள பாடநூல்கள் நனையவில்லை, நாளை காலை பத்து மணி முதல் விடுதி உணவுக்கூடத்தில் மேசை போட்டு அவற்றை வழங்குவோம், கையில் உள்ள நூல்களுக்குத் தவணை நீட்டிக்கப்பட்டுள்ளது, அபராதம் கிடையாது.

அதன்பின் எழுபது நாட்களுக்கு மேல், விடுமுறை நாளிலும் தவறாமல், காலை ஒன்பது மணிக்குள் ஓர் அறிவிப்பு வெளிவந்தது. ஒருநாள் மட்டும் அதில் பிழை செய்தேன். தொல்லியல் நூல்கள் எல்லாம் பத்திரமாக இருப்பதாக எழுதிவிட்டேன். மறுநாளே அது பொய்யானது. திருத்தத்தைச் சிறிய எழுத்தில் போடலாம் என்று தோன்றியதை மறைக்க விரும்பவில்லை. உதவி நூலகர்தான் தடுத்து, பெரிய எழுத்தில் மேலேயே போட வைத்தார். அவருக்கும் நன்றி.

எழுதுவது எளிது, அதைக் கொண்டு சேர்ப்பதுதான் பாடாக இருந்தது. முதல் சில நாட்கள் மின்சாரமும் இல்லை, கைப்பேசிக் கோபுரங்களும் வேலை செய்யவில்லை. நாங்கள் பெருமையாக வைத்திருந்த வாட்ஸ்அப் குழுவும் மின்னஞ்சல் பட்டியலும் அப்போது ஒன்றுக்கும் உதவவில்லை. வளாக வாசலுக்கு எதிரே தேநீர்க் கடை நடத்தும் அண்ணன், பலகாரப் பட்டியல் எழுதும் கரும்பலகையைத் துடைத்து எங்களுக்குக் கொடுத்தார். சாமல்பட்டி, கல்லாவி, சிங்காரப்பேட்டை பக்கம் போகும் பேருந்துகளின் நடத்துநர்கள் அறிவிப்பின் நகலை ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனார்கள். சிலர் நிறுத்தத்தில் வாய்விட்டே படித்ததாக மாணவர்கள் சொல்லிக் கேட்டேன். கல்லாவியிலிருந்து வரும் ஒரு மாணவர், தான் வாங்கவேண்டிய நூலின் பெயரைப் பயணச்சீட்டின் பின்புறம் எழுதி நடத்துநரிடமே கொடுத்தனுப்பியதும், நூல் மாலைப் பேருந்தில் அவர் ஊர் போய்ச் சேர்ந்ததும் எங்கள் வழங்கல் பதிவேட்டில் இருக்கின்றன. விதிப்படி அது சரியா என்று தணிக்கையில் யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் பதில் சொல்லத் தயாராகவே இருந்தேன்.

நனைந்த நூல்களின் கதைக்கு வருகிறேன். ஈரமான தாளில் இரண்டு மூன்று நாட்களில் பூஞ்சை பிடித்துவிடும். பதற்றத்தில் வெயிலில் பரப்பினாலோ தாள் நெளிந்து, முதுகுப் பசை வெடித்து, நூல் இதழ் இதழாகக் கழன்றுவிடும். நிழலில், காற்றோட்டத்தில், பக்கங்களுக்கு இடையே உறிஞ்சுதாள் வைத்து, அதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதைத் தொலைபேசியில் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவர் சென்னையில் சுவடிப் பாதுகாப்புப் பணியில் இருக்கும் ஒரு நண்பர். பழைய செய்தித்தாளை வைக்கலாமா என்று கேட்டேன். அச்சு மை நூலில் ஏறிவிடும், வேண்டாம் என்றார். அன்று மாலையே கிருஷ்ணகிரியில் அச்சகம் வைத்திருக்கும் ஒருவர் அச்சேறாத நியூஸ்பிரிண்ட் தாளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவைத்தார். விலை கேட்டதற்கு, தன் மகள் இங்கே படித்தவள் என்று மட்டும் சொன்னார்.

தூய்மைப் பணியாளர் அக்காக்கள் ஐவரும், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களும் வரிசையாக உட்கார்ந்து, பத்துப் பக்கத்துக்கு ஒரு தாள் வீதம் செருகிய காட்சி என் கண்ணிலேயே நிற்கிறது. ஒவ்வொரு நூலின் கடைசிப் பக்கத்திலும் ஒட்டியிருந்த தேதிச் சீட்டில் ரப்பர் முத்திரையின் ஊதா மை கரைந்து, யார் எப்போது எடுத்தார் என்பதெல்லாம் ஒரே கறையாகியிருந்தது. அக்கா ஒருவர் அந்தச் சீட்டை மட்டும் நனைத்துப் பெயர்த்தெடுக்கும் பக்குவத்தை ஒரே மணி நேரத்தில் கற்றுக்கொண்டார். அவர் கை பட்ட நூல்களில் அட்டைக்கு ஊதா ஏறவே இல்லை.

ஆனாலும் எங்கள் கைகள் போதவில்லை. ஒரே சமயத்தில் உலர்த்த முடியாத நூல்களை உறையவைத்துவிட்டால் பூஞ்சை வளராது, பிறகு நேரம் கிடைக்கும்போது சிறிது சிறிதாக எடுத்து உலர்த்தலாம் என்றார் சென்னை நண்பர். பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி குளிர் ஊத்தங்கரையில் எங்கே கிடைக்கும்? மாம்பழத்துக்குப் பேர் போன மாவட்டம் என்பது அப்போதுதான் பயன்பட்டது. மாம்பழத் துண்டுகளை உறையவைக்கும் ஆலை ஒன்றின் உரிமையாளர், பருவம் இல்லாததால் காலியாக இருந்த குளிர் அறையை எங்களுக்குத் திறந்துவிட்டார். பாலித்தீன் உறையில் சுற்றி, பழக்கூடைகளில் முதுகு கீழாக அடுக்கி ஏற்றினோம். அவர் போட்ட ஒரே நிபந்தனை, “சித்திரைக்குள்ள காலி பண்ணிக் குடுத்துடுங்க, காய் வந்துடும்” என்பதுதான். பங்குனிக் கடைசியில் கடைசிக் கூடையை இறக்கினோம். சில நூல்களைத் திறந்தால் இன்றும் மெல்லிய மாம்பழ வாசனை வருவதாக மாணவர்கள் சொல்கிறார்கள். எனக்கு வரவில்லை.

எல்லாவற்றையும் மீட்டுவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். நம் மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவிக்கப்பட்டதிலிருந்து, தொல்லியல் அறிக்கைகளையும் நடுகல் தொகுதிகளையும் நம் வரலாற்று மாணவர்கள் ஓயாமல் கேட்கிறார்கள். அளவில் பெரியவை என்பதால் அவற்றை அடித்தட்டில் வைத்தவள் நான். அவற்றின் படப் பக்கங்கள் வழவழப்பான ஆர்ட் தாளில் அச்சானவை. பாதி காய்ந்த நிலையில் எங்கள் கைக்கு வந்தபோதே ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல் போல ஆகியிருந்தன. ஒன்றையும் பிரிக்க முடியவில்லை. இதைக் கேள்விப்பட்ட ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், பாகலூரிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்து, தான் சேர்த்துவைத்திருந்த கல்வெட்டுத் தொகுதிகளைப் பையோடு கொடுத்துவிட்டுப் போனார். ஓரங்களில் அவர் பென்சிலால் எழுதியிருக்கும் குறிப்புகளை அழிக்கக் கூடாது என்று அடுக்கும் பணியாளர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

தரைத்தளம் மூடியிருந்த நாட்களில் தங்கள் வாசக சாலையில் நம் மாணவர்களுக்கு இடம் கொடுத்த பக்கத்துக் கல்லூரி நூலகத்துக்கும், நீரில் மூழ்கிய கணினியோடு ஒலிப்பதிவுகளை இழந்த பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களுக்காக மூன்று பாடநூல்களை மீண்டும் வாசித்துப் பதிவுசெய்து கொடுத்த தமிழ்த்துறை மாணவர்களுக்கும் நன்றி.

கணினித் துறை ஆய்வாளர்கள் நால்வரைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 30 வெளியீட்டாளர்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்தன. அச்சிதழ்கள் ஈரத்தில் கிடந்த நேரத்தில் இது எங்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் திறந்திருக்கிறது என்று அறிவித்தால் மட்டும் யாருக்கும் பயனில்லை. எப்படி உள்நுழைவது, எந்த இதழ் உண்டு, எது இல்லை என்று ஆளுக்கு ஆள் காட்ட வேண்டியிருந்தது. இந்த நால்வரும் உணவுக்கூட மேசையில் மாலைதோறும் உட்கார்ந்து, ஆய்வேடு முடிக்கும் நிலையில் இருந்தவர்களுக்கு முதலிடம் கொடுத்து, ஒவ்வொருவருடைய கைப்பேசியிலும் அதைச் செய்துகொடுத்தார்கள். சோத்கங்கா தளத்தில் முந்தைய ஆய்வேடுகளைத் தேடவும் அந்த மேசையில்தான் பலர் கற்றுக்கொண்டார்கள். மேசை இப்போது நூலகத்துக்குள் வந்துவிட்டது. மாலை நான்கு முதல் ஆறு வரை யாராவது ஒருவர் அதில் இருப்பார்.

காலை அறிவிப்பும் தொடர்கிறது. தேநீர்க் கடைப் பலகையின் இடப்பக்கப் பாதி இனி எங்களுக்கே என்று அண்ணன் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார்.

நன்றி மடலில் இதை எழுதலாமா என்று தயங்கினேன். ஆனால் நூலகர் நூலகர்தானே. தேதிச் சீட்டுகள் கரைந்துபோன அந்த வாரத்தில் எங்கள் பதிவில் ஏறாமல் வீடு போய்ச் சேர்ந்த நூல்கள் சில இன்னும் திரும்பவில்லை. கேள்வி எதுவும் கேட்க மாட்டோம், அபராதமும் இல்லை. வாசலில் ஒரு பழக்கூடை வைத்திருக்கிறோம். அதில் போட்டுவிட்டால் போதும்.

நன்றியுடன்,
வளாக நூலகர்
ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி மாவட்டம்