பன்னிரண்டுக்கு மேல் ஒரு படம்

வெள்ளவத்தை,
கொழும்பு 06

அன்பின் சிவா,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தி கேட்டு இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். கொழும்பில் மழை விட்டபாடில்லை. 120 பிலிம் றோலின் விலையைப் பற்றி எழுதத் தொடங்கினால் கடிதம் முழுக்கப் புலம்பலாகிவிடும். நேரே நீர் கேட்டதற்கு வருகிறேன்: ஒரு றோலுக்குப் பன்னிரண்டு படம் எடுக்கும் யாஷிகா மாட் 124ஜி கமராவில் பதின்மூன்றாவது படம் எடுக்கலாமா?

கணக்கு இடம் கொடுத்தால் எடுக்கலாம். 120 பிலிம் ஏறத்தாழ 82 செ.மீ. நீளம். ஆறுக்கு ஆறு செ.மீ. என்று பெயர்தான், படம் 56 மி.மீ. சதுரம். பிலிமோடு சேர்த்துச் சுற்றிய பின்தாளில் அச்சிட்ட எண்களின் இடைத்தூரம் ஏறத்தாழ 63 மி.மீ. அந்தக் கணக்கில் 12 படத்துக்கு 749 மி.மீ. போகும், 13 படத்துக்கு 812. இரண்டு முனைக்கும் சேர்த்து 8 மி.மீ. மிச்சம் என்றால் முயற்சியே வேண்டாம். ஆனால் படங்களுக்கிடையே 4 மி.மீ. மட்டும் விடுகிற கமராவில் 13 படம் 776-க்குள் அடங்கிவிடும், மிச்சம் 44. ஆகவே எல்லாம் உமது கமரா விடும் இடைவெளியைப் பொறுத்தது.

கழுவுமிடத்தில் ஒரு றோலை வெட்டாமல் தரச் சொல்லி, அடிமட்டம் வைத்து அளவும். தலைமுனையிலிருந்து முதல் படம் வரை, பன்னிரண்டாவது படத்திலிருந்து வால்முனை வரை, நடுவே ஒவ்வொரு இடைவெளியும். தலை மிச்சமும் வால் மிச்சமும் சேர்ந்து 75 மி.மீ.க்குக் குறைந்தால் விட்டுவிடும்.

போதுமென்றால், பின்தாளின் அம்புக்குறியைக் கமராவின் தொடக்கக் குறிவரை கொண்டுபோகாமல், அதற்கு முன்னதாகவே நிறுத்தி மூடும். எவ்வளவு முன்னதாக? தலை மிச்சத்தில் 10 மி.மீ. கழித்த அளவு. கமரா மூடியபின் முதல் படத்துக்கு எப்போதும் ஒரே நீளத்தைத்தான் சுற்றும். ஆகவே எல்லாப் படங்களும் அந்த அளவு தலைப்பக்கம் நகர்ந்து, மிச்சமெல்லாம் வாலில் சேரும். அந்த 10 மி.மீ.யைத் தொடவேண்டாம், பிலிமைத் தாளோடு ஒட்டிய டேப் அங்கேதான் இருக்கிறது.

அடுத்த சிக்கல், 12-க்குப் பிறகு கமராவின் படம் எண்ணும் கருவி நின்றுவிடும். பிலிமைப் பின்னாலிருந்து அழுத்தும் தட்டை, றோல் போடும்போதே 24-க்கு மாற்றினால் தொடர்ந்து எண்ணும். ஆனால் அந்த நிலை பின்தாள் இல்லாத 220 பிலிமுக்கானது. தட்டு தாளின் தடிப்பளவுக்கு முன்னே வருவதால் இழுவை இறுகும். பழைய றோல் ஒன்றைப் போட்டுச் சுற்றிப் பாரும். கைப்பிடி கடினமாக இருந்தால் வற்புறுத்த வேண்டாம்.

ரோலைஃபிளெக்ஸ் ஆட்டோமாட் கமரா வைத்திருப்பவரிடம் இந்த வித்தையைச் சொல்லிவிடாதேயும். அது அம்புக்குறியைப் பார்ப்பதே இல்லை. உருளைகளுக்கிடையே தாளோடு பிலிமும் சேர்ந்து வரும் தடிப்பை உணர்ந்துதான் எண்ணத் தொடங்கும்.

பதின்மூன்றாவதை முக்கியமான படத்துக்கு நம்பவும் கூடாது. பிலிமின் தலைமுனைதான் தாளில் ஒட்டியிருக்கிறது, வால் ஒட்டப்படவில்லை. கடைசியில் தாள் இழுபடும், பிலிம் தளர்ந்து வளையும், ஃபோகஸ் மங்கலாம். எடுத்து முடிந்த சுருளில் வால்தான் வெளிச்சுற்று. காலிமுகத்திடல் வெயிலில் கமராவைத் திறந்தால் ஓரத்தால் நுழையும் வெளிச்சம் முதலில் பிடிப்பது அந்தப் படத்தைத்தான். நிழலில் நின்று, சுருள் தளராமல் எடுத்து ஒட்டும். கழுவுபவரிடமும் முன்கூட்டியே சொல்லும். பிலிமைக் காயப்போடக் கிளிப் மாட்டுவது முனையில்தான், நீர் 10 மி.மீ. மட்டுமே விட்டிருப்பது அவருக்குத் தெரியாது.

என்னைக் கேட்டால், அதிகப் படம்தான் வேண்டுமென்றால் உமது 6×9 மடிப்புக் கமராவே மேல். பின்னால் எண் பார்க்க இரண்டு சிவப்புக் கண்ணாடி இருப்பதாக எழுதியிருந்தீர். அது எட்டுப் படத்தைப் பதினாறாக்கச் செய்த ஏற்பாடு. படத்தைப் பாதியாக மறைக்க உள்ளே வைக்கும் சட்டம் தொலைந்திருக்கும். பளபளப்பில்லாத கறுத்த மட்டையில் 56×41.5 மி.மீ. திறப்பு வெட்டி, பிலிம் சட்டகத்தின் நடுவில் வையும். 41.5 பிலிம் ஓடும் திசையில் இருக்கவேண்டும். வெட்டிய விளிம்பில் வெள்ளை தெரிந்தால் மார்க்கரால் கறுப்பாக்கும், இல்லாவிட்டால் அங்கே வெளிச்சம் சிதறும். மட்டை, பிலிம் ஓடும் தண்டவாளத்தைவிட ஒரு மயிரிழை உயர்ந்தாலும் றோல் முழுக்கக் கீறல். அதனால் ஓரங்களை மடித்து உள்சுவரில் ஒட்டுவதே பாதுகாப்பு.

பின்தாளில் 8 வரை போகும் எண்வரிசையில் 1 என்பதை முதலில் பிலிம் வரும் பக்கத்துக் கண்ணாடியில் நிறுத்தி ஒரு படம், அதே 1-ஐ மற்றக் கண்ணாடிக்கு நகர்த்தி அடுத்த படம். பிறகு 2, இப்படியே 8 வரை. கமராவை வழக்கம்போல் பிடித்தால் படம் நெட்டையாக விழும். வியூபைண்டரையும் அதற்கேற்ப டேப்பால் மறையும்.

இந்த மழைக்காலத்தில் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த றோலை உறையோடு இரண்டு மணித்தியாலமாவது வெளியே வைத்துப் பிரியும். ஈரம் பட்டால் பின்தாள் எண்கள் படத்தில் வானம் வரும் இடத்தில் நிழலாய்ப் பதியலாம்.

124ஜி-யின் அளவுகளை எழுதி அனுப்பும், எத்தனை மி.மீ. முன்னே நிறுத்தலாம் என்று கணக்குப் போட்டுப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
ராஜன்