செயலாளர் ஆண்டறிக்கை – 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுத் தோழர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, நவராத்திரிக் கொலு மூன்றும் வழக்கம்போல் நடந்தன. பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் பாதியில் தீர்ந்த கதையைப் போன கூட்டத்திலேயே பேசி முடித்துவிட்டோம், மறுபடி கிளற வேண்டாம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல நினைப்பது ஏப்ரல் 19 அன்று அருவிகள் நிறைந்த சில்வர் ஃபால்ஸ் மாநிலப் பூங்காவுக்குப் போய் வந்ததைப் பற்றி.

நம் பீவர்ட்டன் ஊரிலிருந்து காரில் ஒன்றேகால் மணி நேரம், சேலத்துக்குக் கிழக்கே. (மாம்பழச் சேலம் அல்ல, அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத் தலைநகரம். வாட்ஸ்அப்பில் இந்த ஜோக் வேண்டிய அளவு வந்துவிட்டது.) ஏன் ஏப்ரல் என்று சிலர் கேட்டார்கள். இங்கே மழை குளிர்காலத்து மழை. அந்தத் தண்ணீர் வசந்தம் வரை அருவிகளில் நிறைந்து விழும். கோடையில் போனால் அவற்றில் ஒன்றான வின்டர் ஃபால்ஸ் அநேகமாக வற்றிக் கிடக்கும்.

அறிவிப்பில் "பத்து அருவி நடை" என்று போட்டது என் தவறு. பத்தையும் சுற்றினால் 7.2 மைல். ஆர்வத்தில் கிளம்பியவர்கள் திரும்புவதற்குள் புளியோதரை ஆறிப்போனது, இரண்டு பிள்ளைகள் அப்பா தோளில் தூங்கிக்கொண்டே வந்தார்கள். மற்றவர்கள் 177 அடி சவுத் ஃபால்ஸுக்கு இறங்கி, அருவிக்குப் பின்னால் நடந்து, பாலம் கடந்து ஏறினார்கள். ஏறத்தாழ ஒரு மைல்தான். குழந்தைகளுக்கு அதுவே தாராளம். மேலே கெட்டியான எரிமலைப் பாறை, அடியில் மென்மையான மண் அடுக்கு. அந்த அடுக்கு அரித்துப்போனதால்தான் பின்னால் நடக்க இடம் கிடைத்திருக்கிறது. தென்காசியிலிருந்து பேரன் வீட்டுக்கு வந்திருந்த ஆச்சி அங்கே நின்று தண்ணீரைப் பார்த்தார், சுவரைத் தொட்டார், கடைசியில் சொன்னார்: "குளிக்க விடாத அருவிக்கா இம்புட்டுத் தூரம் கூட்டிட்டு வந்தீய?" குற்றாலத்துக்காரரிடம் நாம் என்ன பதில் சொல்வது?

மறுநாள் ஈஸ்டர் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. பத்தரைக்கு வந்த கடைசி நான்கு கார்களுக்கு சவுத் ஃபால்ஸ் இருக்கும் தெற்குப் பக்க நிறுத்தத்தில் இடமில்லை. காருக்கு 10 டாலர் கட்டணம் வேறு, போன வருடம் வரை 5 டாலர்தான். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே 214-ஆம் சாலை வழியாக வடக்குப் பக்க நிறுத்தத்துக்குப் போனார்கள். அன்றைக்குக் கொடுத்துவைத்தவர்கள் அவர்கள்தான். நார்த் ஃபால்ஸுக்குப் பின்னால் உள்ள குகையின் கூரையில் வட்ட வட்டமாகப் பொந்துகள். எரிமலைக் குழம்பு நின்றிருந்த மரங்களைச் சூழ்ந்து உறைந்து, மரம் அழிந்துபோக, அதன் அச்சு மட்டும் பாறையில் தங்கிவிட்டது. அண்ணாந்து பார்த்த ஒரு பையன், "அங்கிள், மரம் இருந்த இடத்துல இப்போ இருட்டுதான் இருக்கு" என்றான். அங்கிருந்து எதிர்த்திசையில் சாலைக்கு அடியில் புகுந்து போனால் அப்பர் நார்த் ஃபால்ஸ். 65 அடிதான், ஆனால் பாதை பெரிய ஏற்ற இறக்கமில்லாமல் போகும். முட்டி வலிக்காரர்களை முதலில் அங்கே அழைத்துப் போயிருக்க வேண்டும். குகைக்கு இறங்க மட்டும் படிகள் உண்டு. வழியில் ஒரு சாம்பல் நிறக் குருவி ஓடைக்குள் தலை முங்க நடந்துபோனதைக் குழந்தைகள் கால் மணி நேரம் பார்த்தார்கள். டிப்பர் என்ற அந்தக் குருவி அப்படித்தான் இரை தேடும்.

இரண்டு குறைகள் வந்தன. ஒருவர் நாயோடு வந்தார். பள்ளத்தாக்குப் பாதையில் நாய்க்கு அனுமதி இல்லை, அதை நாங்கள் முன்கூட்டியே சொல்லவில்லை. இன்னொன்று, மூன்றிதழ் வெள்ளை ட்ரில்லியம் பூவைச் சில குழந்தைகள் பறித்துவிட்டார்கள். பறித்தால் அந்தச் செடி தேற வருடங்கள் ஆகும். பெற்றோர் கவனிக்க.

2026-க்கான செயற்குழுப் பரிந்துரை: ஏப்ரல் 18, சனிக்கிழமை. காலை எட்டரைக்கு எல்லாரும் வடக்குப் பக்க நிறுத்தத்தில் கூடுவது. முதலில் அப்பர் நார்த், பிறகு விரும்புவோர் குகைக்கு. மதியம் சவுத் ஃபால்ஸ் லாட்ஜில் கணப்பு அருகே சாப்பாடு. பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன். புளியோதரை யார் வீட்டிலிருந்து என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

இப்படிக்கு,
செயலாளர்