செல்விக்கு: பர்டூவா, ரட்கர்ஸா?

எடிசன், நியூஜெர்சி
ஏப்ரல் 2026

அன்புள்ள செல்வி,

நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று உள்ளபடி எழுது. போனில் கேட்டால் "பரவாயில்லை" என்பதைத் தவிர வேறு பதில் உன்னிடமிருந்து வருவதில்லை.

எங்கள் மகள் யாழினிக்கு இரண்டு பல்கலைக்கழகங்களில் பொறியியல் கிடைத்திருக்கிறது. ஒன்று எங்கள் மாநிலத்து ரட்கர்ஸ், இன்னொன்று இண்டியானாவில் இருக்கும் பர்டூ. மே 1க்குள் ஒன்றை முடிவு செய்து முன்பணம் கட்டியாக வேண்டும். சாப்பாட்டு மேசையில் இப்போது வேறு பேச்சே கிடையாது.

ஒரே நாட்டுக்குள் வேறு மாநிலத்துக்குப் போனால் எதற்கு மூன்று மடங்கு கட்டணம் என்று கேட்டிருந்தாய். நம் ஊர் என்.ஐ.டி.க்களில் பாதி இடங்களை அந்தந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு ஒதுக்குகிறார்கள். ஆனால் இடம் கிடைத்துவிட்டால், எந்த மாநிலத்துப் பிள்ளை என்று பார்த்துக் கட்டணம் மாறுவதில்லை. இங்கே மாநிலப் பல்கலைக்கழகம் மாநிலத்தின் சொத்து. அந்த ஊர் மக்களின் வரிப்பணம் அதற்குப் போகிறது என்பதால் வெளியிலிருந்து வருபவர்களிடம் கூடுதலாகக் கேட்கிறார்கள். 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு பல மாநிலங்கள் மானியத்தைக் குறைத்துவிட்டன. அந்தக் குறையை ஈடுகட்ட வெளிமாநிலப் பிள்ளைகளின் பணம்தான் பல இடங்களில் கைகொடுத்தது. பர்டூவில் இண்டியானாப் பிள்ளைக்கு ஆண்டுக்கு 9,992 டாலர், யாழினிக்கு 28,794. பொறியியல் என்பதால் மேலே இரண்டாயிரம் சொச்சம். இத்தனைக்கும் பர்டூ நியாயமான இடம். மிட்ச் டேனியல்ஸ் தலைவராக வந்த 2013 முதல் அங்கே கட்டணத்தை உயர்த்தவே இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வெளிமாநிலப் பிள்ளைக்குக் கட்டணம் மட்டுமே 60 ஆயிரத்துக்கு மேல்!

ஓராண்டு அங்கே வீடு எடுத்துத் தங்கினால் இண்டியானாக்காரி ஆகிவிடலாமே என்று யோசனை சொல்லியிருந்தாய். பத்தாம் வகுப்பில் சுப்பு சாரிடம் வீட்டுப்பாடத்துக்குச் சொன்ன சாக்குகளைப் போலவே இதுவும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. படிக்க வந்து தங்கும் காலத்தை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. பெற்றோரை நம்பியிருக்கும் பிள்ளைக்குப் பெற்றோர் வசிக்கும் மாநிலம்தான் மாநிலம்.

இனி எங்கள் வீட்டுச் சண்டைக்கு வருகிறேன். ரட்கர்ஸின் பொறியியல் வளாகம் பிஸ்கட்டவேயில், எங்களுக்குப் பக்கத்து ஊரில் இருக்கிறது. வீட்டிலிருந்தே போய்வந்தால் ஆண்டுக்கு 20 ஆயிரம் அளவில் முடிந்துவிடும். பர்டூவில் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து 42 ஆயிரம். நான்கு ஆண்டுகளுக்கு 88 ஆயிரம் டாலர் வித்தியாசம் என்று இவர் காகிதத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டார். யாழினி அதன் கீழேயே தன் கணக்கை எழுதினாள். ரட்கர்ஸில் விடுதியில் தங்கினால் 35 ஆயிரம் ஆகும். ஆண்டுக்கு ஏழாயிரம்தான் வித்தியாசம், நான்கு ஆண்டுக்கு 28 ஆயிரம். "அப்பா ஒப்பிடுவது இரண்டு கல்லூரிகளை இல்லை, வீட்டையும் கல்லூரியையும்" என்றாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை, செல்வி. இருவர் கணக்கும் சரி. இரண்டு கணக்குக்கும் நடுவில் இருக்கும் 60 ஆயிரம் டாலரும் அவள் எங்களோடு இருந்தால் மிச்சமாகிற பணம். அதைப் பர்டூவின் விலை என்று சொல்வது அவளுக்குச் செய்யும் அநியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நிலவில் கால் வைத்த ஆம்ஸ்ட்ராங் படித்த இடம் பர்டூ என்று அவள் சொல்வதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு கல்லூரிகளின் இயந்திரவியலுக்கும் ஏபெட் என்ற பொறியியல் தர அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறது, தொழில் உரிமம் வாங்கப் பர்டூ பெயர் தேவையில்லை. பர்டூவில் முதலாண்டு எல்லோருக்கும் பொது. அவள் ஆசைப்படும் விண்வெளிப் பொறியியல் அந்த ஆண்டு மதிப்பெண்ணைப் பொறுத்துத்தான் கிடைக்கும். வெளிமாநிலக் கட்டணம் கட்டிய பிறகும் கிடைக்காமல் போகலாம். இதை நேராகவே சொன்னேன். "தெரியும்" என்றாள்.

அந்த 28 ஆயிரத்தைத் தானே கடனாக எடுப்பதாகச் சொல்கிறாள். மாணவர் பெயரில் மத்திய அரசு தரும் கடன் முதலாண்டு 5,500, நான்கு ஆண்டுகளுக்கு 27 ஆயிரம் வரை. அதற்கு நான் சம்மதிப்பேன். பெற்றோர் பெயரில் கடன் மட்டும் கூடாது என்பதில் நானும் இவரும் ஒன்று. இதுவரை கல்லூரிச் செலவு முழுவதற்கும் பெற்றோர் அரசிடம் கடன் வாங்க முடிந்தது. எத்தனையோ குடும்பங்கள் அதில் மூழ்கியிருக்கின்றன. வருகிற ஜூலை 1 முதல் ஆண்டுக்கு 20 ஆயிரம், ஒரு பிள்ளைக்கு மொத்தம் 65 ஆயிரம் என்று வரம்பு வருகிறது. அதுவே எனக்கு அதிகமாகப் படுகிறது. சின்னவனும் இரண்டு ஆண்டில் தயாராகிவிடுவான்.

பத்மாவை நினைத்தால் இதையெல்லாம் புலம்பவே கூசுகிறது. அவர்கள் இன்னும் கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறார்கள். அதனால் அவள் மகனுக்கு இந்த அரசுக் கடனும் கிடையாது. 21 வயதானால் தாயின் விசாவில் தொடரவும் முடியாது. படிப்பின் நடுவே அவன் வேறு விசா தேட வேண்டும். இங்கேயே வளர்ந்த பிள்ளை. அவளிடம் நீ பேசினால் கல்லூரிப் பேச்சை எடுக்காதே.

நான் யாழினியைப் போகவிடலாம் என்ற பக்கம் இருக்கிறேன். இவர் இன்னும் இறங்கிவரவில்லை. உன் மகன் கார்த்தியைச் சூரத்கல் என்.ஐ.டி.க்கு அனுப்பியபோது உன் வீட்டிலும் இதே கூத்து நடந்ததே. ஞாயிறு மாலை உங்கள் நேரத்துக்கு யாழினி உன்னைக் கூப்பிடுவாள். என் கட்சி, அவள் கட்சி எதுவும் பேச வேண்டாம். அவன் வீட்டை விட்டுப் போன முதல் ஆண்டு எப்படி இருந்தது, பணத்துக்கு நீங்கள் எங்கெங்கே கையைக் கடித்துக்கொண்டீர்கள், அதை மட்டும் மறைக்காமல் சொல். கார்த்தி பக்கத்தில் இருந்தால் அவனிடமும் போனைக் கொடு.

அன்புடன்,
மீனா