உருளும் வீட்டுக்கு நாலு கால்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ சக்கரத்தின்மேல் கட்டப்போகிற வீட்டின் வரைபடத்தை இரண்டு நாளாக விரித்து வைத்துப் பார்க்கிறேன். 16 அடிக்கு 8 அடி, இரட்டை அச்சு டிரெய்லர், தகரக் கூரை, சாமான் சட்டியோடு சேர்த்து இரண்டரை டன். மேல்வேலையில் நான் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாக யோசித்திருக்கிறாய். கீழே நாலு மூலைக்கும் ஹைட்ராலிக் ஜாக்கி என்று குறித்திருக்கிறாயே, அதை மட்டும் மாற்று. ஃபோனில் சொன்னால் அளவு தவறிப்போகும் என்றுதான் எழுதுகிறேன்.

ஜாக்கி டயர் மாற்றுகிற நேரத்துக்குத் தாங்கும். மாதக்கணக்கில் பாரத்தை அதன் தலையில் வைத்தால் சீல் வழியாக எண்ணெய் கசிந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிடும். நாலும் ஒரே அளவில் இறங்காது. ஒரு மூலை தாழ்ந்ததும் சேஸ், அதாவது டிரெய்லரின் அடிச்சட்டம், முறுக்கும், கதவு நிலையில் பிடிக்கும், ஜன்னல் கண்ணாடி விரிசல் விடும். அதற்குப் பதிலாக உன் வீட்டுக்குத் திருகு வைத்த இரும்புக் கால் நாலும் செய்துவிடலாம்.

இதை மனசில் வைத்துக்கொள்: கால் வீட்டைத் தூக்குவதற்கு இல்லை, ஆட்டத்தை நிறுத்துவதற்கு. உள்ளே ஒருவர் நடந்தால் டயரும் பட்டை ஸ்பிரிங்கும் அமுங்கி எழும்புகின்றன, அதுதான் ஆட்டம். பாரத்தில் பெரும்பங்கு சக்கரத்திலேயே இருக்கட்டும். மாட்டை அவிழ்த்துவிட்டு வண்டிக்கு முன்னால் ஒரு முட்டுக் கொடுக்கிறோமே, அந்த அளவு வேலைதான் காலுக்கு.

ஆனால் கணக்குப் போடும்போது ஒவ்வொரு காலும் 1 டன் தாங்கும்படி போடு. நாலு கால் பெஞ்சு மேடுபள்ளத்தில் நின்றால் எதிரெதிர் மூலையில் இரண்டு கால்தான் பாரத்தை வாங்கும். வீடும் அப்படித்தான்.

இனி செய்முறை. சேஸில் வெளிக்குழாய், அதற்குள் ஏறி இறங்குகிற உள்குழாய், அதன் அடியில் திருகு, திருகின் கீழே பாதம், இவ்வளவுதான் ஒரு கால். வெளிக்குழாய் 60×60×3 மி.மீ. சதுரக் குழாய், கால் ஒன்றுக்கு 30 செ.மீ. உள்குழாய் 50×50×3, கால் ஒன்றுக்கு 60 செ.மீ. வெளிக்குழாயின் உள்ளளவு 54, ஆகவே 4 மி.மீ. இடைவெளி இருக்கும். உள்ளே ஓடுகிற வெல்டிங் தையலை அரம் போட்டுத் தேய்த்துவிடு, இல்லாவிட்டால் பாதியில் சிக்கும். உள்குழாயில் 5 செ.மீ.க்கு ஒன்றாக 17 மி.மீ. ஓட்டை. அதில் 16 மி.மீ. இரும்புப் பின்னைச் செருகினால் உயரம் நிற்கும். மிச்சமிருக்கும் லொடலொடப்புக்கு வெளிக்குழாயின் அடுத்தடுத்த இரண்டு முகத்தில் எம்-12 (12 மி.மீ. போல்ட்டுக்கான) நட்டு வெல்டிங் வைத்து, போல்ட்டை முறுக்கி உள்குழாயை எதிர்மூலைக்கு நெருக்கிவிடு. இந்த இரண்டு போல்ட்டை விட்டுவிட்டால் கால் போட்டும் வீடு கடகடவென்று ஆடும், வேலை செய்தவரைத் திட்டுவாய்.

எவ்வளவு உயரத்துக்கு இழுத்தாலும் உள்குழாய் குறைந்தது 20 செ.மீ. வெளிக்குழாய்க்குள் இருக்க வேண்டும்.

திருகு எம்-24 திரெட் ராடு (24 மி.மீ. கனத்தில் நெடுக மரை போட்ட கம்பி), கால் ஒன்றுக்கு 30 செ.மீ. இதைக் காயலான் கடையில் வாங்காதே, புதிதாகவே வாங்கு. குழாயும் தகடும் காயலான் கடையில் எடுக்கலாம், துரு தின்னாமல் இருந்தால் போதும். உள்குழாயின் அடிவாயை மூட 50×50×10 மி.மீ. தகடு, நடுவில் 26 மி.மீ. ஓட்டை. எம்-24 நட்டின் மூலைக்கு மூலை 42 மி.மீ.க்குள்தான், குழாயின் உள்ளளவு 44. ஆகவே நட்டை முதலில் தகட்டின் மேல் வெல்டிங் வைத்து, நட்டு உள்ளே போகும்படி தகட்டைக் குழாயில் பற்றவைக்கலாம். அப்போது ராடை நட்டில் திருகி வைத்துக்கொள், சூட்டில் மரை கோணாது. தகட்டின் ஓரத்தில் 8 மி.மீ. ஓட்டை ஒன்று கட்டாயம் போடு. மழைத்தண்ணீர் குழாய்க்குள் தங்கினால் வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளிருந்து துரு தின்றுவிடும்.

தகட்டுக்குக் கீழே ராடில் ஒரு பூட்டு நட்டு. அதற்கும் கீழே, பாதத்துக்குச் சற்று மேலே, ராடோடு சேர்த்து வெல்டிங் வைத்த இன்னொரு நட்டு. 36 ஸ்பேனர் அதில் பிடிக்கும். ஒரு முழுச் சுற்றுக்கு 3 மி.மீ. ஏறும், ஆசாரி கணக்கில் ஏறக்குறைய ஒரு நூல். ராடின் நுனியைக் கிரைண்டரில் உருட்டிவிட்டு, பாதத் தகட்டின் நடுவில் பற்றவைத்த ஒரு அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) பைப் துண்டுக்குள் சும்மா உட்கார வை. 3 செ.மீ. துண்டு போதும். ராடு சுற்றும், பாதம் அசையாது. தரை கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் பாதம் படிந்து கொடுக்கும். பாதத் தகடு 150×150×8.

திருகு 10 செ.மீ.க்கு மேல் வெளியே நீளக்கூடாது. எம்-24 ராடுக்கு 1 டன் பாரம் ஒன்றுமேயில்லை, நேராக அழுத்தினால் பல மடங்கு தாங்கும். ஆனால் வீடு பக்கவாட்டில் அசையும்போது நீண்டு நிற்கிற திருகுதான் முதலில் வளையும். உயரம் வேண்டுமென்றால் பின்னை வேறு ஓட்டையில் மாற்றிப் போடு.

வெளிக்குழாயைப் பொருத்துகிற இடம்தான் பலரும் கோட்டைவிடுகிற இடம். டிரெய்லரின் நீளவாக்கில் ஓடுகிற இரும்புச் சட்டங்களான இரண்டு நெடுஞ்சேனலுக்கும் நடுவே ஒரு மீட்டர்தான் அகலம். கால்களை அதில் மாட்டினால் எட்டடி வீடு ஒற்றைக் காலில் நிற்பதுபோல இருக்கும். குறுக்குச் சேனலின் முனைகளில் மாட்டு. இடக்காலுக்கும் வலக்காலுக்கும் 2 மீட்டர் வர வேண்டும். நீளவாக்கில் முன்கோடி பின்கோடியிலிருந்து 2 அடி உள்ளே தள்ளி வை. சேனலின் அடி விளிம்பில் குறுக்காக வெல்டிங் ஓட்டாதே. சாலையில் குலுங்கும்போது அந்த விளிம்புதான் இழுபடும், தையல் ஓரத்திலிருந்து விரிசல் கிளம்பும். நிமிர்ந்த முகத்தில் வைத்து, 6 மி.மீ. முக்கோணத் தகடு கொடு. சூட்டில் வெளிக்குழாய் சுருங்கி உள்குழாய் மாட்டிக்கொள்ளும், அதனால் உள்குழாயில் செய்தித்தாள் சுற்றிச் சொருகி வைத்தபடி இரண்டு இரண்டு அங்குலமாக விட்டு விட்டுப் பற்றவைக்கச் சொல். ஜி.ஐ. பொருளாக இருந்தால் பற்றவைக்கிற இடத்தில் துத்தநாகப் பூச்சைச் சுரண்டிவிட வேண்டும். அந்தப் புகை ஆளைக் காய்ச்சலில் தள்ளும். வீட்டை இழுத்துப் போகும்போது பின்னை உருவினால் கால் முழுதாகக் கழன்று வரும். மடக்குக் கால் வேண்டாம், கீல் தேயும்.

ஒவ்வொரு காலுக்கும் இரண்டு சாய்வுப் பட்டை வேண்டும், ஒன்று அகலவாக்கில், ஒன்று நீளவாக்கில். 25×25×3 ஆங்கிள், ஒவ்வொன்றும் 55 செ.மீ., 12 மி.மீ. போல்ட்டில் 45 பாகைச் சாய்வாக. கீழ்முனை உள்குழாயின் அடியில், மேல்முனை சேஸில். கால் ஏறி இறங்குவதால் மேல்முனையில் வரிசையாக ஓட்டை போட்டுவை. சாய்வு இல்லாத கால் பாரத்தைத்தான் தாங்கும், ஆட்டத்தை நிறுத்தாது. நாலு காலுக்கும் பட்டையெல்லாம் சேர்த்து இரும்பு 30 கிலோ சுமாருக்கு வரும், அவ்வளவுதான்.

இப்போது நம் மண். காலுக்கு நீ என்ன குழாய் போட்டாலும் நம் திடலில் தோற்றுப்போவது பாதத்தில்தான். இது வண்டல் களி. கோடையில் கை நுழைகிற அளவு வெடிக்கும். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்தால் ஓரத்தில் ஊறிப் புடைக்கும். ஐப்பசி கார்த்திகையில் கட்டைவிரலை அழுத்தினால் உள்ளே போகும். அப்படி இளகிய களிக்குச் சதுர மீட்டருக்கு 5 டன்னுக்கு மேல் ஏற்றக்கூடாது. 15 செ.மீ. பாதத் தகட்டை நேராக மண்ணில் வைத்து 1 டன் ஏற்றினால் சதுர மீட்டருக்கு 44 டன் ஆகிறது, கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு. வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கிவிடும். 45 செ.மீ. சதுரப் பலகை வைத்தால் அதே பாரம் 4.9 டன்னாகப் பரவும். அதனால்தான் ஒன்றரை அடி என்கிறேன்.

பலகை கான்கிரீட்டில் இருக்கட்டும்: 45×45 செ.மீ., கனம் 7.5 செ.மீ., சிமெண்டு, மணல், ஜல்லி ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று கலவை. 8 மி.மீ. கம்பி 40 செ.மீ. நீளத்தில் குறுக்கே 4, நெடுக்கே 4, அடியிலிருந்து 2 செ.மீ. மேலே. அடிப்பக்கம்தான் இழுபடும், கம்பியை நடுவிலோ மேலேயோ வைத்தால் இருந்தும் பயனில்லை. பாதம் நழுவாமலிருக்க இரண்டு 12 மி.மீ. போல்ட்டைத் தலைகீழாகப் புதைத்துவிடு. ஒரு பலகை 36 கிலோ, இரண்டு ஆள் தூக்கலாம். நாலு பலகைக்கும் சேர்த்து அரை மூட்டை சிமெண்டு. இரண்டு வாரம் ஈரச்சாக்கு போட்டு நனைக்கணும். கடப்பைக் கல் வைக்கலாமா என்று கேட்காதே, அது நடுவில் பட்டென்று உடையும். தென்னங்கட்டை ஈர மண்ணில் ஒரு மழைக்காலத்துக்குள் உளுத்துவிடும். அவசரத்துக்கு வைரம் பாய்ந்த பனஞ்சட்டத்தை ஒன்றின் மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கலாம்.

பலகைக்குக் கீழே 2 அடிச் சதுரத்தில் அரையடி ஆழம் வெட்டி, செங்கல் கப்பி போட்டுத் திமிசுகட்டையால் இடித்து, மேலே இரண்டு விரற்கடை மணல். இதிலும் ஒரு கோளாறு உண்டு. களிமண்ணில் வெட்டிய குழி சட்டி மாதிரி தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். பிறகு கப்பியே ஊறல் தொட்டியாகி அடிமண்ணை இளக்கும். குழியின் ஒரு பக்கம் தாழ்வாக வாயைத் திறந்து, சின்ன வாய்க்கால் இழுத்து வரப்புக்கு அந்தப் பக்கம் விட்டுவிடு. கூரைத் தண்ணீரும் பலகைமேல் விழக்கூடாது. கால்கள் சுவர் ஓரத்தில் வருவதால் நெடுகத் தகரத் தாழ்வாரக் குழாய் போட்டே ஆகணும்.

வீட்டை நிறுத்துகிற வரிசை: முதலில் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் முட்டுக்கட்டை. ஆழித்தேருக்குப் போடுவது மாதிரி ஆப்பு வடிவில் இருக்கட்டும், செங்கல் வேண்டாம். பிறகு இடவல மட்டம். தாழ்ந்த பக்கச் சக்கரத்தை மரப்பலகைமேல் ஏற்றித்தான் சரிசெய்ய வேண்டும், காலைத் திருகியல்ல. அடுத்து டிரெய்லரை இழுக்கிற கொக்கிப் பக்கத்தில் இருக்கிற ஜாக்கியால் முன்பின் மட்டம். ரசமட்டம் ஒரு அறைக்குப் போதும், நாலு மூலைக்கும் தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டம்தான் நம்பகம். டியூபுக்குள் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் கணக்குத் தப்பும், விரலால் தட்டி வெளியேற்றிவிட்டுப் பார். மட்டம் வந்தபிறகு கால்களை இறக்கி, பாதம் பலகையைத் தொட்டதும் நிறுத்து. அங்கிருந்து எதிரெதிர் மூலைக்காலைக் கால்வாசிச் சுற்று, கால்வாசிச் சுற்றாகத் திருகு. மொத்தத்தில் ஒரு சுற்றைத் தாண்டாது. ஒரு தம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி மேசையில் வைத்து ஆளை நடக்கவிடு. தண்ணீர் சிந்தாவிட்டால் போதும், கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுப் பூட்டு நட்டை முறுக்கு. அதற்குமேல் திருகினால் டயர் பாரத்தை விட்டு எழும்பும், சேஸ் முறுக்கும். சாய்வுப் பட்டை போல்ட்டைக் கடைசியில்தான் இறுக்கணும். மறுநாள் ஒரு தரம், முதல் பெருமழைக்குப் பிறகு ஒரு தரம், அப்புறம் மழைக்காலம் முழுக்க வாரம் ஒரு தரம் பார்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கமுடியாது. கால் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. காற்று தூக்கினால் பாதம் பலகையை விட்டு எழுந்துவிடும். மணிக்கு 120 கி.மீ. காற்று சதுர மீட்டருக்குச் சுமார் 68 கிலோ தள்ளும். உன் வீட்டின் நீளப்பக்கம் 15 சதுர மீட்டர். மறுபக்கத்து உறிஞ்சலையும் சேர்த்தால் 1,200 கிலோ, அதுவும் தரையிலிருந்து 2.1 மீட்டர் உயரத்தில். இரண்டையும் பெருக்கினால் கவிழ்க்கிற பலம் 2,520. வீட்டின் எடை 2,500 கிலோ, காலிலிருந்து வீட்டின் நடு வரை 1 மீட்டர், ஆக எதிர்த்து நிற்கிற பலம் 2,500. அதாவது தராசு முள் நடுவில் நிற்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையேறியபோது வேரூன்றிய தென்னையே சாய்ந்தது உனக்குத் தெரியும்.

ஆகவே நாலு மூலைக்கும் நங்கூரம். 60 செ.மீ. கனசதுரக் கான்கிரீட் கட்டி, ஒன்றுக்கு மூன்றுக்கு ஆறு கலவை, நாலுக்கும் சுமார் 4 மூட்டை சிமெண்டு. 16 மி.மீ. கம்பியை வளைத்துக் கொக்கியாகப் புதைத்து, 1 மீட்டர் குழியில் வார்த்து மேலே மண் மூடு. ஒரு கட்டி 500 கிலோவுக்கு மேல் வரும். ஆனால் மழையில் நிலத்தடித் தண்ணீர் ஏறி மூழ்கினால் 300 கிலோதான் அது. சின்னக் கட்டி போட்டு ஏமாறாதே. அந்த 300 கிலோ கணக்கிலேயே ஒரு பக்கத்து இரண்டு கட்டியும் சேர்ந்து 1,300க்கு மேல் பலம் கொடுக்கும். கட்டியிலிருந்து சேஸுக்கு 10 மி.மீ. ஸ்டீல் ரோப்பும், அதை இறுக்கவும் தளர்த்தவும் திருகுகிற டர்ன்பக்கிளும். காற்று எந்தப் பக்கம் வரும் என்று பார்த்து இரண்டு கட்டியோடு நிறுத்தாதே. புயலின் கண் கடந்ததும் எதிர்த்திசையில் அடிக்கும். ரோப்பை விறைப்பாகவும் இழுக்கக்கூடாது, கோடையில் மண் சுருங்கிப் பிறகு ஊறிப் புடைக்கும்போது சேஸை இழுத்துவிடும். கையால் அசைத்தால் ஒரு விரல் ஆடட்டும், புயல் எச்சரிக்கை வந்தால் இறுக்கிக்கொள்ளலாம்.

உப்புக்காற்றுக்கு ரெட் ஆக்சைடு இரண்டு பூச்சு, மேலே பெயிண்ட். திருகுக்குக் கிரீஸ் தடவி, பழைய சைக்கிள் டியூபை உறைமாதிரி மாட்டிவிடு. தூசியும் ஏறாது, மரையும் இறுகாது.

குழியெல்லாம் ஆடிக்குள் வெட்டியாக வேண்டும், புரட்டாசிக்கு மேல் தண்ணீர் ஊறும். பலகையும் கட்டியும் நான் இங்கே வார்த்து வைக்கிறேன். டிரெய்லர் கையில் வந்ததும் குறுக்குச் சேனலின் முனைக்கு முனை எவ்வளவு, சேஸின் அடியிலிருந்து தரை வரை எவ்வளவு, முன் சேனல் நடுவிலிருந்து பின் சேனல் நடு வரை எவ்வளவு என்று மூன்று அளவை மட்டும் மி.மீ.யில் எழுதி அனுப்பு. டயரில் காற்று முழுதாக இருக்கும்போது அள.

அன்புடன்,
அப்பா